பழைய ராணுவத் தளவாடங்களுக்கு உதிரி பாகம்: பட்டறைகளும் கல்லூரிகளும் கேட்கும் கேள்விகள்

கோவையில் பொருள் சோதனைக் கூடம் ஒன்றில் பல வருடங்களாக வேலை பார்க்கிறேன். பழைய ஹெலிகாப்டர், டாங்கி, சரக்கு விமானம் ஆகியவற்றின் பாகங்களை இங்கேயே செய்ய முயலும் பட்டறைக்காரர்களும் கல்லூரி ஆசிரியர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். பொதுவெளியில் இருக்கும் தகவலும் என் மேசையில் கற்றுக்கொண்டதும்தான் இதில் உண்டு. எந்தத் தளவாடத்தின் ரகசிய விவரமும் இல்லை.

பழைய தளவாடங்களுக்குப் பாகம் கிடைப்பது ஏன் இவ்வளவு கஷ்டம்?

ஒரு மோட்டார் பைக் கம்பெனி மாடலை நிறுத்தினாலும் பத்து வருடம் ஸ்பேர் கிடைக்கும். போர் விமானமோ நாற்பது, ஐம்பது வருடம் பறக்கிறது. மிக்-21 நம் விமானப்படைக்கு 1963-இல் வந்தது, 2025 செப்டம்பரில்தான் ஓய்வு பெற்றது. அமெரிக்காவின் பி-52 குண்டுவீச்சு விமானங்களில் கடைசியாகக் கட்டப்பட்டது 1962-இல் வெளியே வந்தது. அது இன்னும் பறக்கிறது. பாகம் செய்த கம்பெனியே மூடியிருக்கும், அச்சுகள் பழைய இரும்புக்குப் போயிருக்கும், கைப்பக்குவம் தெரிந்த ஆட்கள் ஓய்வு பெற்றிருப்பார்கள்.

நமக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. நம் தளவாடங்களில் பெரும்பகுதி சோவியத் வடிவமைப்பு. 1991-இல் சோவியத் ஒன்றியம் உடைந்தபோது ஒரே விமானத்தின் பாகங்கள் நான்கைந்து நாடுகளுக்குப் பிரிந்துபோயின. ஆன்-32 சரக்கு விமானத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1984 முதல் நம்மிடம் இருக்கிறது. வடிவமைத்தது கீவ் நகரத்து அன்டோனோவ் நிறுவனம். சுமார் நூறு விமானங்களைப் புதுப்பிக்க 2009-இல் உக்ரைனோடு ஒப்பந்தம் போட்டார்கள். ஒரு பகுதியை அங்கேயும் மீதியைக் கான்பூரில் உள்ள விமானப்படைப் பணிமனையிலும் செய்வதாகத் திட்டம். 2014-இல் ரஷ்யாவுக்கும் உக்ரைனுக்கும் மோதல் வந்தது, பாகங்கள் வருவது தடைப்பட்டது. 2022-இல் முழுப்போரே வந்துவிட்டது. கடற்படைக் கப்பல்கள் சிலவற்றின் எரிவாயு டர்பைன்கள் உக்ரைனின் மிக்கோலாயிவ் நகரத்திலிருந்து வருபவை. அந்த நகரமே ஏவுகணைத் தாக்குதலுக்கு உள்ளானது.

இங்கே எந்தத் தொழிற்சாலையும் தவறு செய்யவில்லை. ஆனால் ஒரு வாஷருக்காக ஒரு விமானம் தரையில் நிற்கிறது.

புதிதாக வாங்கிவிடலாமே?

வாங்குகிறார்கள், ஆனால் ஒரு புதிய விமானம் முடிவாகி, கையெழுத்தாகி, படையில் சேரப் பல வருடம் ஆகிவிடுகிறது. அதுவரை எல்லையில் பறக்க வேண்டியது பழையதுதான். டி-72 டாங்கி நம்மிடம் ஆயிரக்கணக்கில் இருக்கிறது. 2025 மார்ச்சில் அவற்றின் 780 குதிரைத்திறன் எஞ்சினுக்குப் பதிலாக 1,000 குதிரைத்திறன் எஞ்சின் வாங்க ரஷ்யாவோடு 24.8 கோடி டாலருக்கு ஒப்பந்தம் போட்டார்கள். தொழில்நுட்பத்தை ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலைக்கு மாற்றித் தருவதும் அதில் அடக்கம். எஞ்சினே புதிதாக மாறுகிறது என்றால் அந்த டாங்கி இன்னும் நெடுங்காலம் ஓடப்போகிறது என்று பொருள். அதன் பம்புக்கும் சீலுக்கும் வால்வுக்கும் நெடுங்காலம் பாகம் வேண்டும்.

இதில் ஆராய்ச்சி நிறுவனத்துக்கு என்ன வேலை? லேத்து வைத்திருப்பவர் செய்துகொடுத்தால் போதாதா?

இந்தக் கேள்விக்காகத்தான் இந்தப் பக்கத்தையே எழுத ஆரம்பித்தேன்.

உருவத்தைச் செய்வது சுலபம். கோவையிலும் ஓசூரிலும் அம்பத்தூரிலும் இருக்கும் சிஎன்சி எந்திரங்களுக்கு பத்து மைக்ரான் ஒரு பிரச்சினையே இல்லை. தொலைந்துபோனது உருவம் அல்ல, அதன் பின்னால் இருந்த அறிவு. எந்த உலோகம், எப்படிப் பதப்படுத்தினார்கள், எந்தப் பூச்சு, எத்தனை மணி நேரம் தாங்க வேண்டும், ஏன் அந்த மூலையில் அவ்வளவு வளைவு வைத்தார்கள் என்பதெல்லாம் பாகத்தைக் கையில் வைத்துப் பார்த்தால் தெரியாது. வரைபடமும் நம்மிடம் இல்லை. அந்த அறிவை மறுபடி கண்டுபிடிப்பதுதான் கல்லூரியும் ஆய்வுக்கூடமும் செய்யும் வேலை.

ஓர் உதாரணம் சொல்கிறேன். சோவியத் விமானங்களில் குரோமான்சில் என்று ஓர் எஃகு பரவலாக உண்டு. குரோமியம், மாங்கனீஸ், சிலிக்கான் மூன்றும் ஏறத்தாழ ஒவ்வொரு சதவீதம், கார்பன் 0.3 சதவீதம். ஸ்பெக்ட்ரோமீட்டரில் ஒரு பொறி வைத்தால் ஒரு நிமிடத்தில் இந்தக் கலவை தெரிந்துவிடும். அதுவரை சரி. அப்புறம் அதைச் சுமார் 880 டிகிரியில் சூடாக்கி எண்ணெயில் குளிர்விக்க வேண்டும், பிறகு 540 டிகிரியில் மறுபடி சூடாக்கி டெம்பர் செய்ய வேண்டும், அதாவது அதன் நொறுங்கும் தன்மையைத் தணிக்க வேண்டும். இது பொதுவான முறை. உங்கள் பாகத்துக்கும் அதே டெம்பர்தானா என்பது, துண்டை வெட்டி மெருகேற்றி நுண்ணோக்கியில் பார்த்து, கடினத்தன்மையை ஓரத்திலிருந்து நடுவரை அளந்தால்தான் தெரியும். அதோடும் முடியாது. மேலே கேட்மியம் பூச்சு இருந்தால், பூசும்போது ஹைட்ரஜன் எஃகுக்குள் புகுந்துவிடும். பூசிய நான்கு மணி நேரத்துக்குள் 190 டிகிரி அடுப்பில் மணிக்கணக்கில் வைத்து அதை வெளியேற்ற வேண்டும். இதைச் செய்யாத போல்ட்டும் செய்த போல்ட்டும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். அளவு, கடினத்தன்மை எல்லாம் தேறும். மாட்டி முறுக்கிய பிறகு, யாரும் தொடாமலே, இரண்டு நாளில் ஒன்று உடையும்.

பூச்சுக் கடைக்காரர் அந்த அடுப்பை மாலை ஆறு மணிக்கு அணைத்துவிட்டு வீட்டுக்குப் போனால் என்ன ஆகும் என்று அவருக்குச் சொல்லித் தர ஒருவர் வேண்டும்.

அப்படியானால் இந்தக் கூட்டு நடைமுறையில் எப்படி நடக்கிறது?

நம் விமானப்படையின் பராமரிப்புக் கட்டளையகம் நாக்பூரில் இருக்கிறது. அதன் கீழ் நாடெங்கும் அடிப்படைப் பழுதுபார்ப்புப் பணிமனைகள் உண்டு. நாசிக் அருகே ஓஜரில் மிக்-29, சுகோய்-30, சண்டிகரில் எம்ஐ வகை ஹெலிகாப்டர், கான்பூரில் ஆன்-32. சூலூரிலும் ஆவடியிலும்கூட இப்படிப் பணிமனைகள் இருக்கின்றன. தேவை முதலில் தெரிவது இவர்களுக்குத்தான்.

2022 செப்டம்பரில் இந்தக் கட்டளையகமும் சென்னை ஐஐடியும் தாம்பரம் விமானப்படைத் தளத்தில் ஒரு புரிந்துணர்வு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. ஐஐடி சார்பில் வந்தது விண்வெளிப் பொறியியல் துறை. வழக்கொழிந்த பாகங்களுக்கு மாற்று வடிவமைப்பது, டிஜிட்டல் அமைப்புகளைப் புதுப்பிப்பது, சாத்தியம் உண்டா என்று ஆய்ந்து சொல்வது, முன்மாதிரி செய்துகாட்டுவது ஆகியவை அதில் அடங்கும். நான் பார்த்தவரை இதுதான் சரியான அமைப்பு. பணிமனை பிரச்சினையையும் பழுதான மாதிரியையும் தருகிறது. கல்வி நிறுவனம் அது ஏன் பழுதானது, எதனால் ஆனது என்று சொல்கிறது. உற்பத்தியைத் தொழிற்சாலை எடுத்துக்கொள்கிறது. மூன்றில் ஒன்று இல்லாமல் போனால் வேலை காகிதத்தோடு நின்றுவிடும்.

டிஆர்டிஓ எனப்படும் பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பின் ஆய்வகங்களும் இப்படி இறங்குகின்றன. ஆவடியில் இருக்கும் போர் வாகன ஆராய்ச்சி நிறுவனம் டாங்கிக்குப் பெயர் பெற்றது. அங்கேயே பி-75 நீர்மூழ்கிக் கப்பலுக்கான ஹைட்ராலிக், மசகு எண்ணெய், எரிபொருள் வடிகட்டிகள் 18 வகை உருவாக்கி 2021-இல் ஒப்படைத்தார்கள். வடிகட்டி என்றதும் சின்ன விஷயமாகத் தோன்றும். ஆழ்கடலில் இருக்கும் கப்பலில் ஹைட்ராலிக் எண்ணெயில் தூசி புகுந்தால் சுக்கான் திரும்பாது.

ஒரு பாகத்தை ஆரம்பத்திலிருந்து எப்படிப் படிக்கிறீர்கள்? சொல்ல முடியுமா?

ரப்பர் சீல் ஒன்றை எடுத்துக்கொள்வோம். விலை சில நூறு ரூபாய்கூட இருக்காது. அது இல்லாததால் நிற்கும் எந்திரத்தின் விலை கோடிகளில்.

முதலில் அது எந்தத் திரவத்தில் இருந்தது என்று கேட்பேன். சோவியத் விமானங்களில் ஏஎம்ஜி-10 என்ற சிவப்பு நிற ஹைட்ராலிக் எண்ணெய். அது கனிம எண்ணெய். அதில் நைட்ரைல் ரப்பர் தாங்கும், இபிடிஎம் ரப்பர் உப்பிப்போகும். பயணிகள் விமானங்களில் இருக்கும் பாஸ்பேட் எஸ்டர் திரவத்தில் இது அப்படியே தலைகீழ். திரவத்தின் பெயர் தெரியாமல் சீலைப் பற்றிப் பேசக் கூடாது.

அடுத்து சீலைக் கையில் எடுத்து மோந்து பார்ப்பேன். இது எந்தத் தரநிலையிலும் எழுதியிருக்காது, ஆனாலும் செய்வேன். எரிந்த வாடை வந்தால் சூடு அதிகம் பார்த்திருக்கிறது. பிறகு ஷோர் கருவியில் கடினத்தன்மை. பழைய சீல் 85 காட்டும். உடனே 85-க்கு ரப்பர் கலக்கச் சொன்னால் தவறு. புதிதாக இருந்தபோது அது 75 ஆக இருந்திருக்கலாம். ரப்பரை மிருதுவாக வைத்திருக்கச் சேர்த்த பிளாஸ்டிசைசர் வருடக்கணக்கில் எண்ணெயில் கரைந்து போய்விட்டது, அதனால்தான் இப்போது இறுகிக் கிடக்கிறது. அகச்சிவப்புக் கதிர் சோதனையில் ரப்பரின் வகை தெரியும். வெப்ப எடை சோதனையில் கரித்தூள் எத்தனை சதவீதம் என்று தெரியும். போய்விட்ட பிளாஸ்டிசைசர் எவ்வளவு என்பதை எந்தக் கருவியும் சொல்லாது. கலந்து, வார்த்து, சூடாக்கி, எண்ணெயில் ஊறவைத்து, மறுபடி அளந்துதான் அந்த இடத்துக்கு வர வேண்டும்.

அப்புறம் குளிர். நைட்ரைலில் அக்ரிலோநைட்ரைல் கூடினால் எண்ணெயை நன்றாகத் தாங்கும், ஆனால் குளிரில் சீக்கிரம் விறைத்துவிடும். கோவையில் அருமையாக வேலை செய்யும் சீல் லடாக்கில் பூஜ்யத்துக்குக் கீழே 30 டிகிரியில் கண்ணாடிபோல் ஆகிவிடும், எண்ணெய் கசியும். எனவே குளிர்ச் சோதனை இல்லாத அறிக்கையில் நான் கையெழுத்துப் போடுவதில்லை. அமுக்கி வைத்துவிட்டு எவ்வளவு திரும்பி எழுகிறது என்று பார்க்கும் சோதனையும் முக்கியம். கால் பங்கு அமுக்கி, 100 டிகிரியில் 70 மணி நேரம் வைத்து எடுத்தால் நல்ல சீல் எழுந்து நிற்கும், மட்டமானது அப்படியே சப்பையாகக் கிடக்கும்.

கடைசியாக, பொட்டலத்தின் மேல் வார்த்த காலாண்டும் வருடமும் அச்சிட வேண்டும். ரப்பருக்கு வயது உண்டு, அலமாரியில் இருந்தாலும்.

மாதிரி ஒன்றே ஒன்றுதான் கொடுத்திருக்கிறார்கள். அதை வைத்துச் செய்யலாமா?

செய்யாதீர்கள். பல வருடத்துக்கு முன்னால் ஒரு பணிமனையிலிருந்து வெண்கல புஷ் ஒன்று வந்தது. ஒரே மாதிரி. உள்விட்டம், வெளிவிட்டம் எல்லாம் அளந்து, உலோகக் கலவை பார்த்து, அறிக்கை கொடுத்தேன். பட்டறையில் பத்து செய்து அனுப்பினார்கள். பத்தும் ஷாஃப்டில் ஆடின. ஓடித் தேய்ந்த புஷ்ஷை நான் அளந்திருக்கிறேன், தேய்மானத்தையும் சேர்த்து அளவாக எழுதியிருக்கிறேன். தவறு என்னுடையது. அந்தப் பத்தும் தரையிலேயே சோதிக்கப்பட்டுத் திரும்பி வந்தன என்பதால் யாருக்கும் ஆபத்து இல்லை. ஆனால் மாட்டி அனுப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற நினைப்பு இன்றும் என்னை விட்டுப் போகவில்லை.

அதிலிருந்து குறைந்தது மூன்று மாதிரி கேட்கிறேன். அவற்றில் ஒன்றேனும் பயன்படுத்தாததாக இருக்க வேண்டும். அதோடு எதிர்ப்பாகத்தையும் கேட்கிறேன்: புஷ் என்றால் அது உட்காரும் துளையையும் ஷாஃப்டையும். இரண்டையும் சேர்த்து அளந்தால்தான் இடைவெளி எவ்வளவு விட்டிருந்தார்கள் என்று கணக்கிட முடியும். தர மறுத்தால் பணிமனைக்கே போய் அளந்துகொள்ள அனுமதி கேளுங்கள். பெரும்பாலும் கிடைக்கும்.

வேறு நாடுகள் என்ன செய்கின்றன?

அமெரிக்காவில் ஒரு வேலை எனக்கு மிகவும் பிடிக்கும். பி-1 என்ற குண்டுவீச்சு விமானம் 1980-களில் வந்தது. வரைபடங்கள் காகிதத்தில் இருந்தன, எல்லா இடத்திலும் அவை விமானத்தோடு ஒத்துப்போகவும் இல்லை. அரிசோனா பாலைவனத்தில் ஓய்வு பெற்ற விமானங்களை நிறுத்திவைக்கும் திடலிலிருந்து ஒரு பி-1 உடலை 2020-இல் லாரியில் ஏற்றி கான்சாஸ் மாநிலம் விச்சிட்டா நகரத்துப் பல்கலைக்கழகத்தின் விமான ஆராய்ச்சி நிறுவனத்துக்குக் கொண்டுபோனார்கள். அங்கே அதை ஒவ்வொரு ரிவெட்டாகப் பிரித்து, ஒவ்வொரு பாகத்தையும் ஸ்கேன் செய்து, கணினியில் முழு விமானத்தையும் மறுபடி கட்டுகிறார்கள். எங்கே விரிசல் விட்டது, எங்கே துருப்பிடித்தது என்பதும் பதிவாகிறது. பிளாக் ஹாக் ஹெலிகாப்டருக்கும் அதே நிறுவனம் இதைச் செய்கிறது. மாணவர்கள் சம்பளத்தோடு அதில் வேலை செய்கிறார்கள்.

நம்மிடமும் ஓய்வு பெற்ற விமானங்கள் இருக்கின்றன. பல ஊர்களில் ரவுண்டானாவில் காட்சிக்கு நிற்கின்றன. இன்னும் பறந்துகொண்டிருக்கும் வகைகளில் ஓய்வு பெற்ற ஒன்றை ஒரு கல்லூரிக்கு முழுதாகக் கொடுத்துப் பிரிக்கச் சொல்ல வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

3டி பிரிண்டரில் அடித்துவிட்டால் என்ன?

சிலவற்றுக்கு நல்ல வழி. 2020-இல் அமெரிக்க விமானப்படையும் ஜிஇ நிறுவனமும் சேர்ந்து எஃப்-15, எஃப்-16 விமானங்களில் இருக்கும் எஃப்110 எஞ்சினின் ஒரு மூடியை கோபால்ட்-குரோம் தூளில் அச்சிட்டன. முன்பு அது அலுமினிய வார்ப்பு. வார்ப்புக்கு மாதிரி, அச்சு என்று நாள் இழுக்கும், பத்து எண்ணிக்கைக்கு எந்த ஃபவுண்டரியும் அடுப்பு மூட்டாது. அச்சிடுவதில் அந்தத் தொல்லை இல்லை.

ஆனால் அவர்கள் ஏன் மூடியில் ஆரம்பித்தார்கள் என்று யோசியுங்கள். அதிகம் பாரம் தாங்காத பாகம் அது. சுழலும் பாகங்களிலும் திரும்பத் திரும்பப் பாரம் ஏறி இறங்கும் பாகங்களிலும் கதை வேறு. அச்சிட்ட உலோகத்துக்குள் கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருக்கலாம், விரிசல் அங்கிருந்துதான் தொடங்கும். என்னிடம் அச்சிட்ட கியரோடு யாராவது வந்தால் முதலில் சிடி ஸ்கேன், பிறகு திரும்பத் திரும்பப் பாரம் ஏற்றிப் பார்க்கும் சோர்வுச் சோதனை. அந்தச் செலவைச் சேர்த்துப் பார்த்த பிறகு பலர் பழையபடி ஃபோர்ஜிங்குக்கே போய்விடுகிறார்கள்.

எலெக்ட்ரானிக் பாகங்களை வெளிச் சந்தையில் வாங்கலாமா?

இங்கேதான் அதிக பயம். பழைய ஐசி ஒன்று உற்பத்தி நின்றுவிட்டால், எங்கோ கழித்துப்போட்ட போர்டிலிருந்து பிடுங்கி, மேல் எழுத்தைத் தேய்த்து, புது எழுத்து அடித்து விற்கிறார்கள். அமெரிக்க செனட்டின் ஆயுதப்படைக் குழு 2012-இல் வெளியிட்ட அறிக்கையில் போலி என்று சந்தேகிக்கப்பட்ட 1,800 சம்பவங்கள் இருந்தன. பாகங்களின் எண்ணிக்கை பத்து லட்சத்துக்கு மேல். பெரும்பாலானவை சீனாவிலிருந்து வந்தவை என்று அந்தக் குழு கண்டது. அசிட்டோன் தொட்ட பஞ்சால் துடைத்தால் மேல் எழுத்து அழியும் ஐசியை நானே பார்த்திருக்கிறேன்.

ஆகவே பழைய ஐசியைத் தேடி அலைவதைவிட, அந்த போர்டு என்ன வேலை செய்கிறது என்று படித்து, அதே கனெக்டர், அதே அளவில் புதிய போர்டு வடிவமைப்பதுதான் நல்லது. எஃப்பிஜிஏ (நமக்கு வேண்டியபடி அமைத்துக்கொள்ளும் சிப்) தெரிந்த மாணவர்கள் நம் கல்லூரிகளில் நிறைய உண்டு.

செய்த பாகத்தை யார் ஒப்புக்கொள்ள வேண்டும்?

விமானத்தில் ஏறும் எதற்கும் பெங்களூரில் இருக்கும் செமிலாக் எனப்படும் ராணுவ விமானத் தகுதிச் சான்று மையம்தான் தலைமை. உற்பத்தித் தரத்தை டிஜிஏக்யூஏ என்ற விமானத் தர உறுதி இயக்ககம் பார்க்கும். நடைமுறைகள் ஐஎம்டிஏஆர்-21 என்ற தொகுப்பில் இருக்கின்றன. தரைப்படைத் தளவாடங்களுக்கு டிஜிக்யூஏ என்ற தர உறுதி இயக்ககம்.

வேலை முடிந்த பிறகு அவர்களிடம் போகாதீர்கள். என்னென்ன சோதனை, எத்தனை மாதிரி, எந்த ஆய்வகம் என்று ஒரு சோதனைத் திட்டம் எழுதி, அதற்கு முதலில் ஒப்புதல் வாங்கி, அவர்கள் பிரதிநிதி முன்னிலையில் சோதனை செய்ய வேண்டும். முன்னாலேயே செய்து முடித்த சோதனை, எவ்வளவு நேர்மையாகச் செய்திருந்தாலும், மறுபடி செய்யச் சொல்வார்கள். அது நியாயமும்கூட.

என்ன பாகம் தேவை என்று எங்கே தெரிந்துகொள்வது?

பாதுகாப்பு அமைச்சகம் 2020 ஆகஸ்ட்டில் ஸ்ரீஜன் என்ற இணையதளத்தைத் தொடங்கியது. இதுவரை இறக்குமதி செய்த பாகங்களின் பட்டியல் அதில் இருக்கிறது. விருப்பம் உள்ளவர்கள் பதிவு செய்யலாம். பாதுகாப்புத் துறைப் பொது நிறுவனங்கள் இனி இங்கேயே வாங்க வேண்டிய பொருட்களுக்குத் தனியாக ஐந்து பட்டியல்கள் 2021 டிசம்பர் முதல் 2024 ஜூலை வரை வெளிவந்தன. மொத்தம் 5,012 பொருட்கள். அவற்றில் 2,500 ஏற்கெனவே உள்நாட்டில் செய்யப்பட்டவை.

பட்டியலில் ஒரு வரிதான் இருக்கும்: பெயர், எண், அவ்வளவுதான். அதைப் பார்த்துக் கொட்டேஷன் போடாதீர்கள். கோவையில் கொடிசியா என்ற சிறுதொழில் சங்கத்தின் பாதுகாப்புப் புத்தாக்க மையம் இருக்கிறது, படைகளின் ஆட்கள் பாகங்களைக் கொண்டுவந்து காட்டும் நிகழ்ச்சிகளும் நடக்கின்றன. பாகத்தைக் கையில் வாங்கிப் பார்த்தால் பாதிக் கேள்வி அங்கேயே தீரும்.

பணம்?

டிஆர்டிஓ நடத்தும் தொழில்நுட்ப வளர்ச்சி நிதியில் ஒரு திட்டத்துக்கு 50 கோடி ரூபாய் வரை, செலவில் 90 சதவீதம் வரை மானியம் உண்டு. விண்ணப்பிப்பது தொழில் நிறுவனம், கல்லூரியைக் கூட்டாளியாகச் சேர்த்துக்கொள்ளலாம். ஸ்டார்ட்அப்களுக்கு ஐடெக்ஸ் என்ற பாதுகாப்புப் புத்தாக்கத் திட்டம். 2018 ஏப்ரலில் சென்னைக்கு அருகே திருவிடந்தையில் நடந்த கண்காட்சியில்தான் அதைத் தொடங்கினார்கள்.

இவை புதிய தொழில்நுட்பத்துக்கு நல்லவை. ஒரு சீலுக்கோ புஷ்ஷுக்கோ பொருந்தாது. அந்தச் சின்னப் பாகங்களுக்குப் பட்டறைக்காரர் தன் கைக்காசைத்தான் போடுகிறார். அது அடுத்த கேள்விக்குக் கொண்டுபோகிறது.

வருடத்துக்கு நாற்பது பாகம்தான் கேட்கிறார்கள். கட்டுப்படியாகுமா?

பெரும்பாலும் ஆகாது. வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். அச்சு செய்ய ஒரு செலவு, சோதனைக்கு அதைவிடப் பெரிய செலவு, ஒப்புதல் வர ஒன்றிரண்டு வருடம். அதற்குப் பிறகு டெண்டர் வந்தால், சோதனைச் செலவே இல்லாத இன்னொருவர் குறைந்த விலை போட்டு வாங்கிப்போகவும் வாய்ப்பு உண்டு. நல்ல பட்டறைக்காரர்கள் ஒருமுறை செய்துவிட்டு, போதும் சார் என்று ஒதுங்குவதைப் பார்த்து எனக்கு வருத்தமாக இருக்கும். தொழில்நுட்பத்தால் நின்றுபோன வேலைகளைவிட இதனால் நின்றுபோனவை அதிகம்.

என் யோசனை இரண்டு. தனிப் பாகமாக எடுக்காமல் குடும்பமாக எடுங்கள். ஒரு ஹைட்ராலிக் பம்பின் எல்லா சீல்களும் பெரும்பாலும் ஒரே ரப்பர்தான். பொருளுக்கு ஒருமுறை ஒப்புதல் வாங்கினால் அடுத்தடுத்த அளவுகளுக்கு வேலை குறையும். இரண்டாவது, சோதனையைக் கல்லூரி தன் கணக்கில் ஆராய்ச்சியாகச் செய்ய முடியுமா என்று முதலிலேயே பேசுங்கள். கூட்டு என்ற சொல்லுக்கு அங்கேதான் அர்த்தம் வருகிறது. அரசு செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு. உருவாக்கியவருக்குச் சில வருடங்களுக்கு ஆர்டரை உறுதியாகத் தர வேண்டும்.

அடுத்தவர் வடிவமைப்பைப் பார்த்துச் செய்வது சட்டப்படி சரியா?

பாகத்துக்குப் பாகம் மாறும். இந்தியாவில் காப்புரிமைக்கு ஆயுள் 20 வருடம், ஆகவே 1970-களின் வடிவமைப்புக்குக் காப்புரிமை முடிந்திருக்கும். அரசின் பயன்பாட்டுக்குச் சட்டத்தில் தனி ஏற்பாடும் உண்டு. ஆனால் உரிமம் பெற்றுத் தயாரித்த தளவாடங்களில் ஒப்பந்தம் வேறு மாதிரி கட்டுப்படுத்தலாம். ஒப்பந்தத்தைப் பார்த்திருப்பது படைதான், உங்களிடம் வேலை தரும்போது எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். செய்த பாகத்தை வெளிநாட்டுக்கு விற்பதானால் ஸ்கோமெட் அனுமதி (ராணுவப் பொருள் ஏற்றுமதிக்கான அரசு அனுமதி) இல்லாமல் ஒரு பொட்டலம்கூட போகக் கூடாது. கொரியரில் மாதிரி அனுப்புவதும் ஏற்றுமதிதான்.

மாணவர்கள் இதை புராஜெக்டாக எடுக்கலாமா?

எடுக்கலாம், ஆனால் ஒன்றை முதல் நாளே தெரிந்துகொண்டு எடுங்கள்: ரகசியக் காப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட பிறகு பாகத்தின் பெயர், படம், அளவு எதையும் கட்டுரையில் போட முடியாது. முனைவர் பட்டத்துக்குக் கட்டுரை கட்டாயம் என்றால் வழிகாட்டியோடு உட்கார்ந்து, பாகத்தை விட்டுவிட்டுப் பொருளைப் பற்றி எழுத முடியுமா என்று பாருங்கள். நைட்ரைல் ரப்பர் சூட்டில் எப்படி வயதாகிறது என்று எழுதத் தடை இருக்காது. அது எந்த ஹெலிகாப்டரின் சீல் என்று எழுதத்தான் தடை.

முதல் சந்திப்புக்குப் போகும்போது வெர்னியர் எடுத்துப் போங்கள். கேமரா போனை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள், ஆகவே ஒரு நோட்டும் பென்சிலும் வேண்டும். பாகத்தை மாட்டிக் கழற்றும் டெக்னீஷியன் யார் என்று கேட்டு, அவரோடு ஒரு மணி நேரம் நில்லுங்கள். எந்தப் பக்கம் முதலில் தேய்கிறது, எந்த மாதத்தில் அதிகம் போகிறது, கழற்றும்போது எது இறுகி நிற்கிறது என்று அவருக்குத் தெரியும்.